ரத்து செய்தது யார்?

திங்கட்கிழமை காலை மொழியம்மாவின் அட்டையைக் கதவு ஏற்றுக்கொள்ளவில்லை.

அவள் வெளிவிவகாரத் துறையில் மொழிபெயர்ப்பாளர். அவளுடைய பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி காவலர் முதல் அமைச்சர் வரை எல்லாருக்கும் அவள் மொழியம்மாதான். அயல்நாட்டுத் தூதுக்குழுக்கள் வரும்போது அமைச்சரின் தோளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவர்களுக்கும் சொல்வாள். மற்ற நாட்களில் சன்னல் இல்லாத ஓர் அறையில் தந்திகளை மொழிபெயர்ப்பாள். அந்த அறைக்குப் போக கிளியரன்ஸ் என்கிற ரகசிய அனுமதி வேண்டும். அதை அவள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தாள். புருஷனைவிட அந்த அட்டையோடுதான் இவள் அதிக காலம் குடித்தனம் செய்திருக்கிறாள் என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி பேசுவார்கள்.

கதவின் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னொரு தடவை வைங்கம்மா," என்றார் வாயில் காவலர். வைத்தாள். சிவப்பு. காவலர் அட்டையை வாங்கித் தன் சட்டையில் துடைத்து, ஊதி, அவரே வைத்துப் பார்த்தார். சிவப்பு. தினமும் அவளுடைய முழங்கால் வலியை விசாரிக்கிற மனிதர், அட்டையை இரண்டு விரல் நுனியில் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அம்மா, கொஞ்சம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

"எந்தக் கோடு?"

காவலர் தரையைப் பார்த்தார். கோடு எதுவும் இல்லை.

"இன்னும் போடல. போடுவாங்க," என்றார்.

மறுநாள் காலை அவள் வந்தபோது அந்த இடத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

அவளுடைய பிரிவுத் தலைவர் கீழே இறங்கி வந்தார். கலகலப்பான மனிதர், பேச்சுக்குப் பேச்சு ஜோக் அடிப்பவர். அன்று மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டார்.

"சார், என் கார்டு வேலை செய்யல."

"கார்டுல ஒண்ணும் கோளாறு இல்லம்மா."

"அப்போ கதவா?"

"கதவும் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ நானா?"

பிரிவுத் தலைவர் கூரையிலிருந்த கேமராவைப் பார்த்துப் பேசினார். "உங்க கிளியரன்ஸ் ரத்தாகியிருக்கலாம். ஆகாமலும் இருக்கலாம். ஆகியிருந்தா அது ரகசியத் தகவல். ரகசியத் தகவலைக் கேட்கிற தகுதி உங்களுக்கு இப்போ இல்ல. அதனால சொல்ல முடியாது. ஆகாம இருந்தா, ஆகலன்னு தனியா ஒருத்தர் வந்து சொல்ற வழக்கம் கிடையாது."

"யார் ரத்து பண்ணினது சார்?"

"மெதுவா, மெதுவா," என்றவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "சம்பளம் வரும்மா. வேலை ஒண்ணும் போகல. வேலைக்கு உள்ள போகத்தான் முடியாது. அவ்வளவுதான்."

இப்படியாக மொழியம்மா காத்திருப்புக் கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். அது மஞ்சள் கோட்டுக்கு வெளியே இருந்த நீளமான அறை. இரும்பு பெஞ்சுகள், ஒரு தண்ணீர் டிரம், அதோடு சங்கிலியால் கட்டிய டம்ளர், தூசி படிந்த இலைகளோடு ஒரு பிளாஸ்டிக் செடி. காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். மாலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். நடுவில் அவள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அதை ஒழுங்காகச் செய்கிறாளா என்று ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

சும்மா இருக்கப் பழகாதவள் அவள். யார் ரத்து செய்தார் என்று தெரிந்தால், ஏன் என்று கேட்கலாம். ஏன் என்று தெரிந்தால் ஒரு மன்னிப்பாவது கேட்டுத் தொலைக்கலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் அதுவரை யாருக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்ததில்லை.

முதலில் பாதுகாப்பு இயக்குநரைப் பார்க்க எழுதிக் கொடுத்தாள். அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, துளைகள் வழியாகப் பேசினார்.

"ஒரு அதிகாரியோட கிளியரன்ஸை ரத்து செய்யற உரிமை இந்த நாட்டில ஒரே ஒருத்தருக்குத்தான் உண்டு. அது நான்."

"அப்போ நீங்கதான் செஞ்சீங்களா சார்?"

"இல்லையே."

"அப்போ ரத்து ஆகலையா?"

"ஆகல. சட்டப்படி உங்க அனுமதி அப்படியே இருக்கு. கதவுக்குத்தான் அது தெரியல."

"கதவுக்கு நீங்க சொல்லலாமே சார்."

இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். "தாராளமா சொல்லலாம். ஆனா பாருங்க, நான் பச்சை எரிய வச்சா, வேற யாரோ செஞ்ச ரத்தை நான் நீக்கினதா ஆகும். செல்லாத ஒண்ணை யாராவது நீக்குவாங்களா? அப்போ அது செல்லும்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. உங்க ஒருத்தரோட சௌகரியத்துக்காக என் இயக்ககத்தோட அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துட முடியுமா? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க."

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

துறைச் செயலர் அவளை நின்றபடியே சந்தித்தார். "அந்த ஆளு அப்படியா சொன்னார்? இயக்குநர்னா வெறும் பூட்டும்மா. சாவி யார்கிட்ட இருக்கு? என்கிட்ட. சந்தேகம்னு வந்தா விசாரிக்கிறது அவர் வேலை. விசாரிச்சு ஒண்ணும் இல்லன்னாலும் ரத்து பண்றது என் வேலை. உங்களை நான் ரத்து பண்ணல. அதனால உங்களுக்கு உதவி பண்ண எனக்கு வழியே இல்ல. பண்ணியிருந்தேன்னா இன்னைக்கே பார்த்திருக்கலாம்."

"நீங்க வேணா ஒரு தடவை ரத்து பண்ணிட்டு, உடனே நீக்கிடுங்களேன் சார்," என்றாள் அவள்.

செயலர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்ல யோசனைதான். ஆனா ஏற்கெனவே சிவப்பா இருக்கிற கார்டை நான் எப்படி ரத்து பண்றது? என்னைக் கேலி பண்ண மாட்டாங்க?"

அமைச்சரை அவள் போர்ட்டிகோவில் பிடித்தாள். காரில் ஒரு கால் வைத்திருந்தவர், அவளைப் பார்த்ததும் காலைக் கீழே வைத்துச் சிரித்தார். சிரிக்கும்போதெல்லாம் அவர் எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வார்.

"மொழியம்மா! எப்படி இருக்கீங்க? எல்லாம் கேள்விப்பட்டேன். இவங்க ரெண்டு பேரும் என்ன சொன்னாலும் சரி, மக்கள் ஓட்டுப் போட்டது எனக்கு. அனுமதி எல்லாமே என் பேர்லதான். நான் ஆணை போடணும்னுகூட இல்ல, நினைச்சாலே போதும். சில சமயம் நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே நடந்துடுது. அதைத்தான் நல்ல நிர்வாகம்னு சொல்வாங்க."

"என்னைப் பத்தி நினைச்சீங்களா ஐயா?"

அமைச்சர் அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். "அது எனக்கே ஞாபகம் இல்லம்மா," என்றார் அன்போடு. கார் கிளம்பியது.

அவளுடைய கணவனும் அதே துறையில்தான் இருந்தார். அடித்தளத்தில், ஆவணக் காப்பகத்தில் அதிகாரி. வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றுவதற்குள் பேசத் தொடங்கிவிடுவார். எந்த அலமாரியில் பூச்சி அரித்தது, எந்தக் குமாஸ்தா எவரோடு முறைத்துக்கொண்டார், எந்தப் பெரிய மனிதர் எந்தப் பழைய கோப்பைக் கேட்டு வியர்த்தார் என்று ஒன்று விடாமல் சொல்வார். அனுமதி உள்ளவர், அனுமதி இல்லாதவரோடு அலுவல் பேசக் கூடாது என்று யாரோ அவருக்கு நினைவூட்டியிருந்தார்கள். எது அலுவல், எது அலுவல் இல்லை என்று சொல்லவில்லை. ஆகவே அவர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்கு வர நேரமாகுமாங்க?"

"சொல்ல முடியாது."

"தெரியாதா, சொல்ல முடியாதா?"

"சொல்ல முடியாது."

ஒரு சாயங்காலம் தட்டில் கை வைத்தபடி, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "நீ ஏதாவது பண்ணினியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். போன மாதம் வந்திருந்த தூதுக்குழுவின் தலைவர், அமைச்சர் நெடுநேரம் பேசி முடித்ததும் ஒரு வாக்கியம் சொன்னார். 'நீங்கள் இதுவரை பேசியதில் என் கேள்விக்குப் பதில் இல்லை.' அதை அவள் அப்படியே சொன்னாள். கூட்டம் முடிந்து போகும்போது செயலர், 'கொஞ்சம் பூசி மெழுகியிருக்கலாமே' என்று சொன்ன மாதிரி ஞாபகம். இல்லை, சுவரைப் பற்றித்தான் அவர் ஏதோ சொன்னாரா? அப்போது கட்டடத்தில் சுவர் வேலையும் நடந்துகொண்டிருந்தது.

"வேலையைத்தான் பண்ணினேன்," என்றாள்.

"அதைத்தான் கேக்கறேன்," என்றார் அவர்.

சில நாள் கழித்து அவரே வாயைத் திறந்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். "நீ தூக்கத்துல பேசற. அந்த நாட்டுக்காரன் பாஷையில."

"என்ன பேசினேன்?"

"எனக்கு அந்த பாஷை எங்க தெரியும்? காதுல எப்படி விழுந்ததோ அப்படியே எழுதிக் கொடுத்துட்டேன்."

"யார்கிட்டங்க கொடுத்தீங்க?"

"கேட்டவங்ககிட்ட." முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே. அதை மொழிபெயர்க்க ஆள் இல்லையாம். அந்த பாஷை தெரிஞ்சவ நீ ஒருத்திதானே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அதையும் எழுதுவாரோ என்று அடக்கிக்கொண்டாள்.

இதற்குள் அவள் மூன்று பேரிடமும் கேட்ட கேள்வி, அவள் இல்லாத இடங்களில் எல்லாம் நடமாட ஆரம்பித்திருந்தது. இயக்குநர் என்ன சொன்னார் என்று செயலருக்கும், செயலர் என்ன சொன்னார் என்று அமைச்சருக்கும் தெரிந்துவிட்டது. ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு என்று தீர்மானிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். முதல் சாட்சியாக மொழியம்மாவை அழைத்தார்கள்.

ஆணையத்தின் அமர்வு ரகசியமானது. சாட்சிக்கோ அனுமதி இல்லை. எனவே அவளைக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். ஓர் எழுத்தர் உள்ளேயிருந்து கேள்வியைக் கொண்டுவந்து சொல்வார். அவள் பதிலைக் கேட்டு உள்ளே போய்ச் சொல்வார். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளாததால் அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது.

"உங்க அனுமதி ரத்தானது உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க."

"கதவு திறக்கல சார்."

எழுத்தர் உள்ளே போனார். "சாட்சி அரசாங்கச் சொத்தான கதவைக் குறை கூறுகிறார்."

அவள் பதறிப்போய் எழுந்தாள். அவர் திரும்பி வந்ததும், "ஐயா, நான் அப்படிச் சொல்லலையே!" என்றாள்.

எழுத்தர் உள்ளே போனார். "சாட்சி தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்கிறார்."

அடுத்த கேள்விக்கு அவள் ஒன்றும் பேசவில்லை.

"சாட்சி மௌனம் சாதிக்கிறார். எதையோ மறைப்பதாகத் தெரிகிறது."

விசாரணை முடிந்ததும் எழுத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். நல்லவர்தான். "உங்க தொழில்தான் இதுவும், இல்லையாம்மா? ஒரு வார்த்தை அங்க இங்க போனா குடி முழுகிடும். எவ்வளவு பொறுப்பு!" என்றார்.

ஆணையம் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. அதிகாரம் தன்னிடம்தான் இருக்கிறது என்று காட்ட, செயலர் இயக்குநரின் அனுமதியை ரத்து செய்தார். மறுநாள் இயக்குநர் செயலருடையதை ரத்து செய்தார். செயலரின் ஆட்கள் இயக்குநரின் ஆட்களையும், அவர்கள் இவர்களையும் ரத்து செய்தார்கள். தினமும் காலையில் கதவின் மேலே சிவப்பு எரிய, ஒவ்வொருவராகக் காத்திருப்புக் கூடத்துக்கு வந்தார்கள். அமைச்சர் அட்டை என்ற ஒன்றையே வைத்துக்கொண்டதில்லை. அவருக்குக் கதவைத் திறக்க எப்போதும் யாராவது இருப்பார்கள். திறக்கிறவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டதால், அவரும் ஒரு நாள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

செயலர் மொழியம்மாவின் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். "இங்க டீ கிடைக்குமா?" என்று கேட்டார்.

"தண்ணி இருக்கு சார். டம்ளரைக் கழட்ட முடியாது, குனிஞ்சு குடிக்கணும்."

செயலர் குனிந்து குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை இயக்குநர் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே தொலைபேசிகள் அடித்துக்கொண்டே இருந்தன. வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நன்றாகக் கேட்டது. ஒருநாள் அவளுடைய பிரிவுத் தலைவரும் சிவப்பாகி வந்து சேர்ந்தார். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தன் சுபாவம் தாங்காமல், "உள்ள ஒருத்தரும் இல்ல, ஆனா ஒரு ரகசியமும் வெளிய போகல. இதைவிடப் பாதுகாப்பு வேற என்ன வேணும்?" என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், யார் சிரித்தார்கள் என்று பார்த்தார்கள்.

மறுநாள் பிரிவுத் தலைவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பெஞ்சில் இடைவெளி தெரியாதபடி எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். மொழியம்மாவும் நகர்ந்தாள். நகர்ந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நீதிபதி கூடத்துக்கே வந்து தன் முடிவை வாசித்தார். மெல்லிய குரல். மைக்கைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்.

"ரத்து செய்கிற அதிகாரம் ஒருவரிடம் இருந்தால், அவரை எல்லாரும் வெறுப்பார்கள். மூன்று பேரிடம் இருந்தால், இதோ, இப்படி எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே இந்த ஆணையம் அந்த அதிகாரத்தைப் பரவலாக்கியிருக்கிறது. இனி அனுமதி பெற்ற எவரும் அனுமதி பெற்ற வேறு எவருடைய அனுமதியையும் ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் கேட்டால் சிலர் கூச்சப்படுவார்கள். ரத்து செய்தவர் யார் என்பது ரகசியமாகக் காக்கப்படும். அவரே விரும்பினாலும் வெளியே சொல்லக் கூடாது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று இத்தனை நாள் கேட்டீர்கள். அது உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. இதைவிட மேலான ஜனநாயகம் எனக்குத் தெரியவில்லை."

"ரத்தானதைத் திரும்பத் தர்ற அதிகாரம் யாருக்குங்கய்யா?" மொழியம்மாதான் கேட்டாள்.

நீதிபதி தாளைப் புரட்டிப் பார்த்தார். "அந்தக் கேள்வி எங்களிடம் கேட்கப்படவில்லை," என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள்.

அதிகாரம் இல்லாதவர்கள் செய்த பழைய ரத்துகள் எதுவும் செல்லாது என்பதால், திங்கட்கிழமை எல்லார் அட்டைக்கும் பச்சை எரிந்தது. பிரிவுத் தலைவரின் அட்டைக்கு எரிந்திருக்குமா என்று தெரியவில்லை; கொண்டுவந்து வைக்க அவர் இல்லை. மொழியம்மா தன் அறைக்குப் போனாள். நாற்காலியில் தூசி தட்டி உட்கார்ந்தாள். மேசை நிறையத் தந்திகள் கிடந்தன. மேலே கிடந்த தந்தியில், தங்களுடைய முந்தைய ஆறு தந்திகளும் கிடைத்தனவா என்று எவரோ கேட்டிருந்தார்.

இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், ரத்து அறை திறந்தார்கள். உள்ளே ஓர் அதிகாரி, ஒரு கணினி, இரண்டு நாற்காலி. போய்ப் பெயரைச் சொன்னால் போதும். அவர் தலை நிமிராமல் தட்டுவார். சொன்னவர் யார் என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக அவருக்குத் தலை நிமிர அனுமதி இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

அதன்பிறகு அலுவலகத்தில் இருந்த மரியாதையைப் போல முன்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. லிஃப்டில் "நீங்க முதல்ல" "இல்ல, நீங்க முதல்ல" என்று சொல்லிக்கொண்டு நிற்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. கூட்டங்களில் எவரும் எவரையும் மறுத்துப் பேசவில்லை. யாராவது தும்மினால் நான்கு பேர் மாத்திரை நீட்டினார்கள். இவ்வளவு பிரியமும் வாரா வாரம் கொஞ்சம் குறைவான பேரிடையே நடந்தது. காத்திருப்புக் கூடத்தில் மறுபடியும் பெஞ்சுகள் நிறைந்துகொண்டிருந்தன.

வீட்டில் கணவனுக்கும் பேச்சு திரும்பியது. முன்பைவிட அதிகமாகவே பேசினார். அவள் எழுந்தால் எழுந்தார், அவள் சிரித்தால் சிரித்தார். அவள் தண்ணீர் எடுக்கப் போனால் "உட்காரு, நான் எடுத்துட்டு வரேன்" என்று ஓடினார். ஒருநாள் அவர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவள் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை அவள் லிஃப்டில், 'நீங்க முதல்ல' என்றவர்களிடம் பார்த்திருந்தாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை அவருடைய அட்டைக்குச் சிவப்பு எரிந்தது.

அவள் கேள்விப்பட்டுக் கீழே ஓடி வந்தபோது, அவர் கூடத்தின் கடைசி பெஞ்சில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீயா?" என்று கேட்டார்.

"நான் எதுக்குங்க பண்ணப்போறேன்?"

"நீ தூக்கத்துல பேசினதை எழுதிக் கொடுத்தேனே. அதுக்கு."

"ஐயோ, நான் இல்லைங்க. சத்தியமா நான் இல்ல."

அவர் தலையாட்டினார். கோபமாகக்கூட இல்லை. "நீ பண்ணியிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லணும். விதி அப்படி. உன் மேல தப்பு இல்ல."

இத்தனை வருஷம் அடுத்தவர் சொன்னதை மறு பாஷையில் நம்பும்படி சொல்லிப் பிழைத்தவள் அவள். 'நான் இல்லை' என்ற இரண்டு வார்த்தையை அவரிடம் சொல்லி நம்பவைக்க அவளுக்கு இப்போது ஒரு பாஷையும் மிச்சமில்லை. அவர் பையைத் திறந்து, வேளையல்லாத வேளையில் சாப்பிட ஆரம்பித்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நேராக இரண்டாம் மாடிக்கு ஏறினாள். படிக்கட்டில் எதிரே வந்தவர்கள் அவள் எந்தக் கதவுக்குப் போகிறாள் என்று பார்த்ததும், முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு வணக்கம் சொன்னார்கள்.

ரத்து அறையின் கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. அதிகாரி தலை நிமிரவில்லை. வழுக்கை மட்டும் தெரிந்தது.

"பேர்?"

அவள் தன் பெயரைச் சொன்னாள். சொல்லி நெடுநாள் ஆகியிருந்ததால் அவளுக்கே அது வேறு யாருடைய பெயரோ போலக் கேட்டது.

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. "உங்க பேர் இல்லம்மா. ரத்து பண்ண வேண்டியவங்க பேர்."

"அதுதான் சார் இது. என்னை நானே ரத்து பண்ணிக்கிறேன்."

அதிகாரி தலை நிமிர்ந்தார். சாதாரணமான முகம், கண்ணுக்குக் கீழே தூக்கமின்மை. "ஏன்?"

"காரணம் சொல்ல வேண்டாம்னு நீதிபதி ஐயா சொன்னாரே."

"அது அடுத்தவங்களை ரத்து பண்ணும்போதும்மா." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீங்களே உங்களை ரத்து பண்ணிக்கிட்டா, பண்ணினது யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும். அப்புறம் ரகசியம் என்னத்துக்கு ஆகும்? யார் பண்ணினாங்கன்னு தெரியாத வரைக்கும்தான் இது பாதுகாப்பு. தெரிஞ்சுட்டா வெறும் சண்டை."

"நான் போய் என் வீட்டுக்காரர் பக்கத்துல உட்காரணும் சார். அவ்வளவுதான்."

"உட்கார்ந்துட்டா? இங்க அனுமதியோட இருக்கிற ஒவ்வொருத்தருக்கும், தான்தான் அடுத்ததுன்னு தினமும் ஒரு பயம் இருக்கு. அந்தப் பயத்துலதான் அம்மா இந்தக் கட்டடம் நிக்குது. தானா எழுந்து போகலாம்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க." தான் சொன்னது தனக்கே பிடித்துப்போனவர் போலக் கொஞ்சம் நிறுத்தினார். "வேற யார் பேராவது சொல்லுங்க. யார் பேர் வேணாலும் சொல்லலாம்."

அவள் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். கதவுப் பக்கம் போனாள். கதவு அசையவில்லை.

"வெளிய போகவும் கார்டு வேணும்," என்றார் அவர் அவளுடைய முதுகிடம்.

அவள் திரும்பி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ இங்கயே இருக்கேன்."

அதற்கு விதி எதுவும் இல்லை போலும். அதிகாரி எழுந்தார், உட்கார்ந்தார். அவளை அந்த அறையில் தனியே விட்டுப் போக அவரால் முடியாது. அவள் இருக்கும்போது அடுத்தவரை உள்ளே விடவும் முடியாது. வெளியே யாரோ கதவைத் தட்டிவிட்டு, செருமிவிட்டு, போனார்கள். கடைசியில் அவர் தொலைபேசியை எடுத்தார்.

"சார், இங்க ஒருத்தங்க எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. இவங்களை வெளிய அனுப்பற அதிகாரம் யாருக்கு இருக்குன்னு…"

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். அவர் தன் பெயரைச் சொன்னார். சொன்ன மறுகணமே, வாயிலிருந்து விழுந்ததைப் பிடிக்கப் போகிறவர் போல அவருடைய கை உயர்ந்தது. தொடர்பு அறுந்துவிட்டது. அவர் மெதுவாகத் தொலைபேசியை வைத்துவிட்டு, தன் அட்டையை மேசையோரத்து இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்.

சிவப்பு.

இயந்திரம் சன்னமாக இரைந்துகொண்டிருந்தது.

"இப்பவாவது சொல்லுங்க சார்," என்றாள் அவள். "முதல்ல என்னை ரத்து பண்ணினது யாரு?"

"எனக்குத் தெரியாதும்மா." சிவப்பைப் பார்த்தபடியே சொன்னார். "யாருக்குமே தெரியாது. ஆணையத்துக்கும் அது தெரியல. மிஷின் தப்பாக்கூட இருக்கலாம்னு ஒரு பேச்சு இருந்துச்சு. அப்படி எழுதினா எல்லாருக்கும் அவமானம்னு விட்டுட்டாங்க."

மொழியம்மா தன் அட்டையை எடுத்தாள். கதவில் வைத்தாள். பச்சை எரிந்து கதவு திறந்தது. அவள் வெளியே ஒரு காலை வைத்து, கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"வாங்க சார். போகலாம்."

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "அடுத்தவங்க கார்டுல வெளிய போறது குற்றம்மா."

"இங்கயே என்ன பண்ணப்போறீங்க? வாங்க, வெளிய ஒண்ணும் இல்ல. பெஞ்சுதான்."

நெடுநேரம் திறந்திருந்ததால் கதவு கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். அவருடைய கண்கள் கெஞ்சின.

"கதவு சத்தம் போடுதும்மா. மூடிடுங்க. யாராவது வந்துடப்போறாங்க, தயவுசெஞ்சு மூடிடுங்க."

அவள் மூடவில்லை. கையை நீட்டியபடி நின்றாள். யாரும் வரவில்லை. நடைக்கூடம் நெடுக, ஒவ்வோர் அறையாக, உள்ளேயிருந்து தாழ் போடும் சத்தம் மட்டும் கேட்டது.